பழைய வீடு வாங்குவோர் சுவரையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

பழைய வீடு வாங்குகிறவர்கள் உறுதியை முப்பது வருடம் பின்னோக்கித் தேடிப் பார்க்கிறார்கள். நில அளவையாளரை அழைத்து எல்லைக்கல்லைச் சரிபார்க்கிறார்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்து உவரா நல்ல தண்ணியா என்று சொல்லிவிடுகிறார்கள். சுவருக்கு மட்டும் அரை மணித்தியாலம் ஒதுக்குவதில்லை. இதனால் இரண்டு விதமாகப் பிழைக்கிறது. பூச்சில் கிடக்கும் மயிரிழை வெடிப்புக்குப் பயந்து நல்ல வீட்டை விட்டுவிடுகிறார்கள். அல்லது புதுப் பெயின்ற் மணக்கும் வீட்டை, அதன் மூலை இறங்கிக்கொண்டிருப்பது தெரியாமல் வாங்கிவிடுகிறார்கள். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர், கடனுக்கு ஈடாக அந்த ஆதனம் எவ்வளவு பெறும் என்று பார்க்க வருபவர். சுவர் ஏன் வெடித்தது என்று சொல்வது அவருடைய வேலையல்ல.

முதலில் வெடிப்பின் வடிவம். மேல்முனையும் கீழ்முனையும் ஒரே அகலமா என்று பாருங்கள். வீட்டின் மூலைக்கு அருகே, கல்வரிகளின் வழியே படிப்படியாகச் சரிந்து செல்லும் வெடிப்பு மேலே அகன்று கீழே ஒடுங்கினால், அந்த மூலை தாழ்ந்திருக்கிறது. கீழே அகன்று மேலே ஒடுங்கினால், முனைகள் நிற்கச் சுவரின் நடுப்பகுதி இறங்கியிருக்கிறது. மேலிருந்து கீழ்வரை நெட்டுக்கு நிற்கும் வெடிப்பு, பெரும்பாலும் பின்னர் ஒட்டிக் கட்டிய குசினியோ குளியலறையோ பழைய வீட்டோடு சேரும் இடத்தில் வரும். பழைய கல்லோடு பல் விட்டுக் கட்டாமல் முட்டவைத்துக் கட்டியதன் பலன் அது. பழைய பகுதி தாழவேண்டிய அளவுக்கு எப்போதோ தாழ்ந்து முடிந்துவிட்டது. புதிய பகுதி இப்போதுதான் தாழ்கிறது. அகலம் எங்கும் ஒன்றாக இருந்தால் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. மேலே போகப்போக அகன்றால் புதுப்பகுதி விலகிச் சாய்கிறது என்று அர்த்தம்.

யன்னலுக்கோ வாசலுக்கோ மேலே கூடார வடிவில் இரு பக்கமும் சரியும் வெடிப்பு, அத்திவாரத்தோடு சம்பந்தப்பட்டதல்ல. மேற்சுவரைத் தாங்கக் குறுக்கே வைக்கும் லிண்டல் தளர்ந்துவிட்டது. பழைய வீடுகளில் அந்த இடத்தில் பனைமரத் துண்டோ வேறு மரமோ வைத்துக் கட்டியிருப்பார்கள். கறையான் உள்ளே தின்று முடித்தாலும் பூச்சு வெளியே அழகாகவே நிற்கும். ஒரு திருப்புளியை மரத்தில் குத்திப் பாருங்கள்; கால் அங்குலத்துக்கு மேல் சிரமமின்றி இறங்கினால் மரம் போய்விட்டது.

பூச்சில் வலை போலப் பரந்து கிடக்கும் மெல்லிய வெடிப்புகள் சீமெந்து அதிகம் போட்ட கலவை காயும்போது வருபவை. நாணயத்தால் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும். பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசினால் போதும். விலை பேச உதவுமே தவிர, வீட்டை விட்டுவிடக் காரணமாகாது.

அகலத்துக்கு வருவோம். பிரித்தானியாவில் நெடுங்காலமாகக் கையாளும் அளவுத்திட்டம் இங்கும் பயன்படும். 1 மில்லிமீற்றர் வரை பெயின்ற் அடிக்கும்போதே நிரப்பிவிடலாம். 5 வரை கதவு யன்னல் சற்று இறுகும், வெளிப்பக்கம் மழை உள்ளே வராமல் அடைக்க வேண்டும். 5 முதல் 15 வரை கல் மாற்ற வேண்டி வரும். 15 முதல் 25 வரை சுவரின் ஒரு பகுதியைப் பிரித்துக் கட்ட வேண்டும். அதற்கும் மேல் போனால் அது திருத்த வேலையாக இருக்காது, மீளக் கட்டும் வேலையாகிவிடும். பையிலிருக்கும் வங்கி அட்டையின் தடிப்பு ஏறத்தாழ முக்கால் மில்லிமீற்றர். அது நுழையாத வெடிப்பை விட்டு மேலே நடக்கலாம். ஆனால் இந்தத் திட்டம் சேதத்தின் அளவைச் சொல்கிறதே ஒழிய, காரணத்தைச் சொல்வதில்லை. நாற்பது வருடத்துக்கு முன் நின்றுபோன 10 மில்லிமீற்றர் வெடிப்பை விட, இந்த மாரியிலும் விரிந்துகொண்டிருக்கும் 3 மில்லிமீற்றர் வெடிப்பு மோசமானது.

நின்றுபோனதா, இன்னும் நகர்கிறதா என்பதற்கு வெடிப்பின் உட்பக்கமே சாட்சி. டோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பழைய சுண்ணாம்போ பெயின்றோ இறங்கியிருந்தால், தூசியும் சிலந்தி வலையும் இருந்தால், பழையது. விளிம்பு கூராகவும் உள்ளே கல்லின் நிறம் பளிச்சென்றும் இருந்தால் புதியது. தைப்பொங்கலுக்கு முன் வீடு முழுக்க வெள்ளையடித்திருந்தால் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஒரு அறையின் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப்பூச்சு இருந்தால் அந்தச் சுவரைப் பற்றிக் கேட்க வேண்டும். அலுமாரிக்குப் பின்னால், சீலிங்குக்கு மேல், மலசலகூடத்தின் வெளிப்பக்கம், அயல்காணியிலிருந்து தெரியும் முதுகுச் சுவர் ஆகிய இடங்களுக்குப் பெயின்ற் அடிப்பவர் போவதில்லை. கதவுகளின் மேல்விளிம்பையும் பாருங்கள். ஒரு பக்கம் சீவப்பட்டு ஆப்பு வடிவில் இருந்தால், நிலை சரிந்த பிறகு கதவைச் சரிசெய்திருக்கிறார்கள். நிலையின் இரண்டு மூலைவிட்டங்களையும் ரேப்பால் அளந்தால் எவ்வளவு சரிந்தது என்று தெரிந்துவிடும்.

அளப்பதற்குத் தூக்குக்குண்டும் முப்பது நாற்பது அடி தெளிவான பிளாஸ்ரிக் குழாயும் போதும். சுவரின் உச்சியில் ஓர் அங்குலக் கட்டை வைத்து அதிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, அடிக்கு ஓரிடம் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை எழுதுங்கள். ஒரு மாடி உயரத்துக்குள் 25 மில்லிமீற்றர் வரையான சாய்வையும் 10 மில்லிமீற்றர் வரையான வயிறு தள்ளலையும் வழக்கமாகப் பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் பொறியியலாளர் பார்க்க வேண்டும். ஒன்பது அங்குலச் சுவரில் கூரையின் பாரம் நடு மூன்று அங்குலத்துக்குள் விழ வேண்டும். மையத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்கு மேல் விலகினால் சுவரின் ஒரு முகம் இழுபடும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. நாலரை அங்குலச் சுவரில் இந்த இடமும் பாதியாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

குழாயில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, வீட்டின் எல்லா மூலைகளிலும் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். அந்தக் குறியிலிருந்து அத்திவார மேல்வரி வரை அளந்தால் எந்த மூலை எவ்வளவு தாழ்ந்தது என்று வெளிப்படும். கட்டிய நாளிலேயே அரை அங்குலம் பிசகியிருப்பது பழைய வீடுகளில் சாதாரணம். தாழ்ந்த மூலையும் வெடிப்பு காட்டும் மூலையும் ஒன்றாக இருந்தால்தான் அது செய்தி. வீட்டின் உள்நிலம் மட்டும் சரிந்திருந்தால், அடியில் போட்ட நிரப்பு மண் இறுகியிருக்கலாம். சுவருக்கும் அதற்கும் தொடர்பில்லாமலும் இருக்கும்.

இனி நம்மூரான திருகோணமலையின் மண். உவர்மலைச் சரிவில் உள்ள வீடுகளில் ஒரு பக்கம் பாறையில் நிற்கும், மறுபக்கம் வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பிய இடத்தில் நிற்கும். பாறைப் பக்கம் அசையாது, நிரப்பிய பக்கம் இறங்கும். இரண்டும் சந்திக்கும் கோட்டில் சுவர் பிளக்கும். களப்பு ஓரத்தில் சதுப்பை மூடிய காணிகளில் வீடு முழுவதுமே இறங்கிக்கொண்டிருக்கலாம். சமமாக இறங்கினால் வெடிப்பு வராது. ஆனால் ஒரு பக்கம் மேல்மாடி ஏற்றினால் அந்தப் பக்கம் முந்திக்கொள்ளும். தம்பலகாமம் பக்கத்து வயற்களி மாரியில் ஊதிக் கோடையில் சுருங்கும். அங்கே வெடிப்பு ஓகஸ்டில் விரிந்து டிசெம்பரில் மூடும். சுவருக்குக் கிட்ட நிற்கும் பெரிய மரம் அந்தச் சுருக்கத்தைக் கூட்டும்.

உப்புவெளி, நிலாவெளி மணலில் கதை வேறு. மணல் ஈரத்தால் ஊதுவதும் இல்லை, காய்ந்து சுருங்குவதும் இல்லை. அங்கே மரத்தைப் பழிசொல்லி வெட்டுவது பெரும்பாலும் வீண்வேலை. மணலுக்கு எதிரி ஓடும் தண்ணீர். பீலி இல்லாத கூரையிலிருந்து ஒரே கோட்டில் விழும் மழை, உடைந்த குழாய், சுவருக்குக் கிட்ட வெட்டிய ஊறுகுழி ஆகிய மூன்றும் அத்திவாரத்தின் அடியிலிருந்து மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்விடும். நான்காவது காரணம் கிணறு, அதை யாரும் நினைப்பதில்லை. மணற்காணியில் கிணற்றை இறைத்துத் தூர் வாரும்போது அடியிலிருந்து தண்ணீரோடு மணலும் ஊறி வரும். வாளி வாளியாக வெளியே போகும் அந்த மணல் சுற்றியுள்ள நிலத்தின் அடியிலிருந்து வந்ததுதான். கிணறு சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடிக்குள் இருந்தால் அந்தப் பக்க மூலையை முதலில் பாருங்கள். கடற்கரையோர வீடுகளில் 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை அத்திவாரத்தை அரித்த இடங்கள் உண்டு. அரித்த பள்ளத்தைக் கல்லும் குப்பையும் போட்டு மூடி, மேலே சீமெந்து பூசியிருந்தால் அந்த இடம் இன்றும் பொள்ளலே. அண்ணளவாகத் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, எந்தப் பக்கம் மண் போனது என்று அயலவரிடம் கேட்டால் சொல்வார்கள்.

கடற்காற்றின் வேலை இன்னொன்று. லிண்டல் மட்டத்தில் கிடையாக ஓடும் வெடிப்பும், யன்னல் மேற்தட்டின் அடியில் உரிந்து விழும் கொங்கிறீற்றும் கம்பி துருப்பிடித்ததன் அடையாளம். துரு, அது உண்டான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடிக்கும்; அந்த நெருக்கம்தான் கொங்கிறீற்றைப் பிளக்கிறது. கழுவாத கடல்மணலில் கலவை போட்ட வீடுகளில் உப்பு உள்ளேயே இருக்கிறது, காற்று வெளியிலிருந்து வேறு கொண்டுவருகிறது. அந்த லிண்டலுக்கு மேலே பூசுவது பிரயோசனமில்லை. தட்டையான கொங்கிறீற் கூரைக்குச் சற்றுக் கீழே வரும் கிடை வெடிப்பு மட்டும் வேறு ரகம். வெயிலில் கூரைத்தட்டு நீண்டு சுவரின் தலையைத் தள்ளுகிறது. கூரைக்கு வெள்ளை அடித்தாலே பாதி குறையும்.

ஓட்டுக் கூரை உள்ள வீட்டில் சுவரின் உச்சி வெளியே சாய்ந்து, அத்திவாரம் மட்டமாகவே இருந்தால், குற்றவாளி கூரை. எதிரெதிர்க் கைமரங்களைப் பிணைக்கும் குறுக்கு வளையை யாரோ சீலிங் உயர்த்துவதற்காக வெட்டியிருப்பார்கள், அல்லது அது சுவருக்குள் புதைந்த முனையில் உக்கியிருக்கும். கைமரங்கள் கால் விரித்துச் சுவரைத் தள்ளும். அஸ்பெஸ்டோஸ் சீற்றை மாற்றி ஓடு போட்ட வீட்டில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். சீற்றைவிட ஓடு ஏறத்தாழ மூன்று மடங்கு பாரம்.

மேலே பார்த்தவை அத்திவாரத்தைக் காட்டினால், வீட்டுக்காரரின் சம்மதத்தோடு தாழ்ந்த மூலைக்கு அருகே ஒரு சோதனைக்குழி வெட்டுங்கள். நீளம் மூன்றடிக்கு மேல் வேண்டாம். அத்திவாரத்தின் அடி தெரியும் மட்டும் வெட்டினால் போதும், அடியின் கீழே தோண்டக் கூடாது. கருங்கல்லா செங்கல்லா, எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், கல்லுக்கிடையே சாந்து இருக்கிறதா உதிர்ந்துவிட்டதா என்று பாருங்கள். அடியில் ஒரு 12 மில்லிமீற்றர்க் கம்பியைக் கையால் அழுத்துங்கள். இரண்டு மூன்று அடி தடையின்றி இறங்கினால் அங்கே மண் தளர்ந்திருக்கிறது. மணலில் நாலடிக்குக் கீழே முட்டுக் கொடுக்காமல் ஆள் இறங்கக் கூடாது. பக்கச்சுவர் சொல்லாமல் சரியும். மூடும்போது ஆறு அங்குலப் படைகளாக நனைத்து இடித்து மூட வேண்டும். இல்லாவிட்டால் சோதித்த குழியே அடுத்த வெடிப்புக்குக் காரணமாகும்.

நகர்வை அளக்கச் சிறந்த முறை மூன்று பித்தளைத் திருகாணிகள். வெடிப்பின் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று, நாலு அங்குல முக்கோணமாகப் பூட்டி, தலைகளுக்கிடையே உள்ள தூரத்தை வேர்ணியர் இடுக்கியால் மாதமொருமுறை அளந்து எழுத வேண்டும். வெடிப்பு விரிகிறதா, ஒரு பக்கம் வழுக்குகிறதா என்று இரண்டுமே தெரியும். காலை ஒரே நேரத்தில் அளவுங்கள். பின்னேர வெயிலில் சுவர் நீண்டிருக்கும். குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டும் பழைய முறை, உடைந்தது என்று மட்டும் சொல்லும். எவ்வளவு, எந்தப் பக்கம் என்று சொல்லாது. வெடிப்பின் நுனியில் பென்சில் கோடும் திகதியும் போட்டுவையுங்கள், அது செலவில்லாதது. இங்கே மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை விழுவதால், செப்டெம்பரில் தொடங்கி பெப்ரவரி வரை அளந்தால்தான் முடிவு நம்பத்தக்கது. கச்சான் காற்றுக் காலத்தில் வீடு பார்ப்பவருக்கு வெடிப்பு தெரியும், ஈரம் தெரியாது. மாரியில் பார்ப்பவருக்கு மறுவளம்.

திருத்தத்தில் பிழைப்பது பெரும்பாலும் வரிசை. மேசனைக் கூப்பிட்டால் முதலில் வெடிப்பைக் கொத்திக் கோழிக்கூட்டு வலை வைத்துப் பூசிவிடுவார். வலை கடற்காற்றில் துருப்பிடிக்கும், வெடிப்பு திரும்பி வரும். முதலில் தண்ணீரை ஒழுங்குபடுத்துங்கள்: பீலி, குழாய்த் திருத்தம், ஊறுகுழியைச் சுவரிலிருந்து பதினைந்தடிக்கு அப்பால் மாற்றுதல், வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்தில் வெளிப்பக்கம் சரியும் மூன்று அங்குலக் கொங்கிறீற் ஓரம். ஒரு மாரி போகட்டும். மணற்காணியில் பல வீடுகள் இதோடு நின்றுவிடும்.

கூரை தள்ளினால் குறுக்கு வளையைத் திருப்பிப் போட வேண்டும், அல்லது 16 மில்லிமீற்றர்க் கம்பியை இரு சுவர்த் தலைகளுக்கிடையே தகடும் முறுக்காணியும் வைத்து இழுத்துக் கட்ட வேண்டும். சாய்ந்த சுவருக்கு வெளியே முட்டுச்சுவர் எழுப்புவதை இங்கே அடிக்கடி காணலாம். தனி அத்திவாரத்தில், அதுவும் ஒரு அடி ஆழத்தில் நிற்கும் முட்டு, தானே தாழ்ந்து சுவரையும் கூடவே இழுக்கும்.

நகர்வு நின்ற பிறகே தையல். கிடைப் பொருத்துகளில் ஒன்றேகால் அங்குல ஆழம் வெட்டி, வெடிப்பின் இரு பக்கமும் ஒன்றரை அடி நீளும் 6 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை நாலு முதல் ஆறு கல்வரிக்கு ஒன்றாகப் பதிக்கலாம். சாதாரணக் கம்பி கடற்கரை வீட்டுக்கு ஆகாது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில் 1:3 சீமெந்துக் கலவையால் அடைத்தால், அந்த இடம் மட்டும் இறுகிப் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவை போதும். மணல் ஆற்றுமணலாக இருக்க வேண்டும். புது லிண்டல் வைத்தால் இரு பக்கமும் ஆறு அங்குலமாவது சுவரில் ஏறியிருக்க வேண்டும். கம்பிக்குமேல் ஒன்றரை அங்குலக் கொங்கிறீற் மூடல் விட வேண்டும்.

அத்திவாரத்தின் கீழே கொங்கிறீற் கொடுப்பது கடைசி வழி, பொறியியலாளர் இல்லாமல் தொடக் கூடாத வழி. பதினெட்டு அடிச் சுவரை மூன்றடி மூன்றடியாக ஆறு பகுதியாக்கி, முதலில் 1, 4. பிறகு 3, 6. கடைசியில் 2, 5 என்று வெட்ட வேண்டும். கொங்கிறீற்றுக்கும் பழைய அத்திவாரத்துக்கும் இடையே மூன்று அங்குலம் விட்டு, மறுநாள் ஈரம் குறைந்த 1:3 கலவையை இடித்து அடைக்க வேண்டும். இந்த அடைப்பை ஒழுங்காகச் செய்யாவிட்டால் செலவெல்லாம் வீண், சுவர் அந்த இடைவெளிக்குள் திரும்ப இறங்கும். கூலி மிச்சம் என்று நீளம் முழுவதையும் ஒரே நாளில் வெட்டியதால் விழுந்த சுவர்களே அதிகம். ஒரு மூலையை மட்டும் பலப்படுத்தினால் அந்த மூலை நிற்கும், மற்றப் பகுதி நகரும். எல்லையில் புது வெடிப்பு வரும். இதை முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்ற நினைப்பில் கடற்கரைக் காணி வாங்குவோரும் உண்டு. சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்பு மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கிடைக்கும் என்று தெரிந்த பிறகே விலை பேசுங்கள்.

கடைசியாக, முற்பணம். வெடிப்பைப் பார்த்துவிட்டுப் பற்றுச்சீட்டின் பின்பக்கம் "சுவரைத் திருத்தித் தருவேன்" என்று எழுதி வாங்குவதை நம்ப வேண்டாம். காணி விற்பனை உடன்படிக்கை நொத்தாரிசு முன் முறைப்படி எழுதப்படாவிட்டால் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி செல்லாது. உடன்படிக்கையிலேயே மூன்று விடயங்களை எழுதச் சொல்லுங்கள்: பொறியியலாளரின் எழுத்து அறிக்கை வரும் வரை முற்பணம் எவரிடம் இருக்கும், அறிக்கை பாதகமானால் எத்தனை நாளில் திரும்பும், சோதனைக்குழி வெட்டவும் திருகாணி பூட்டவும் வாங்குபவருக்கு உரிமை உண்டு. அறிக்கையில் பொருள்வாரியாகச் செலவுப் பட்டியல் இருக்கட்டும். அதன்மேல் மூன்றிலொரு பங்கு கூட்டியே விலையில் கழிக்கக் கேளுங்கள், ஏனென்றால் பழைய சுவரைத் திறந்த பிறகுதான் மீதி தெரியவரும். இந்த நிபந்தனைகளுக்கு இணங்காத விற்பனையாளரின் வீட்டை, விலை எவ்வளவு குறைவென்றாலும், விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
கட்டடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருவர்,
திருகோணமலை.